மூன்றாவது பத்தியைத் தாண்டாதவர்கள்

என் அத்தானோடு ரொட்டிக் கடைக்குப் போகக் கூடாது. அடுக்கி வைத்த ரொட்டிகளைக் கண்டதும் அவருடைய வலது கை தானாக நீளும். உள்ளங்கையால் ஓர் அமுக்கு, உடனே ஒரு விடுப்பு, பிறகு தலையைச் சாய்த்து ஒரு பார்வை. ரொட்டி பழைய உயரத்துக்கு எழும்பி வருகிறதா என்று பார்ப்பார். எழும்பி வந்தால் அடுத்ததை அமுக்குவார்.

"சார், வாங்கப் போறீங்களா, இல்ல அதுக்கு வைத்தியம் பாக்கப் போறீங்களா?" என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டார்.

"நடுவுல சரியா இருக்கு. ஓரத்துலதான் பலம் போதாது," என்றார் அத்தான், அவருக்குப் பெரிய உதவி செய்துவிட்டவரைப் போல.

அத்தான் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். நாள் முழுக்க மெத்தைகளை அமுக்குவார், அளப்பார், தையலை இழுத்துப் பார்ப்பார், கடைசியில் ஏறிப் படுப்பார். படுத்தபடியே விட்டத்தைப் பார்த்து ஏதோ கணக்குப் போடுவார். ஆயிரக்கணக்கான மெத்தைகளில் படுத்தும் ஒன்றில்கூடக் கண் அசந்ததில்லை என்பது அவருடைய பெருமை. தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அமுக்கு சார்'. நேரில் வெறும் 'சார்'.

நான் பல வருஷம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு, கையிலிருந்தது தீர்ந்ததும் அக்கா வீட்டில் வந்து இறங்கியிருந்தேன். எனக்குக் கிடைத்தது கடைசி அறை. அங்கே மாதிரி மெத்தைகள் சுவரில் சாய்ந்து வரிசையாக நின்றன, வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவர்கள் மாதிரி. கப்பல் தளத்திலும் பஸ் நிலைய பெஞ்சிலும் அடித்துப் போட்டதுபோல் தூங்கிய எனக்கு அந்த அறையில் பொட்டுத் தூக்கம் வரவில்லை.

"உனக்கு இருக்கிற வியாதி மெத்தை இல்லடி. ஒரே இடத்துல ரெண்டாவது வாரமும் இருக்கிறது," என்றாள் அக்கா. அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசி எங்கே குத்தினால் சரியாக இறங்கும் என்று பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்துவிடும்; வீட்டிலும் அப்படித்தான்.

நான் வந்த நேரத்தில் அத்தானுடைய தொழிற்சாலையில் தர மேலாளர் ஓய்வு பெறவிருந்தார். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர். ஒருவர் அத்தான். இன்னொருவர் புதிதாக வந்தவர், கழுத்தில் டை இல்லாமல் யாரும் பார்த்திராதவர். ஆகவே டைக்காரர். டைக்காரர் எந்த மெத்தையையும் தொட்டதில்லை; படம் போட்டுக் காட்டியே பேசுவார். கம்பெனியின் புது மாடலான 'மேக'த்தில் ஓரத்துக் கெட்டிப் பட்டையை எடுத்துவிட்டால் செலவு குறையும் என்று படம் போட்டுக் காட்டினார். எடுத்துவிட்டார்கள்.

மெத்தையின் நான்கு ஓரத்திலும் உள்ளே ஒரு கெட்டி ஃபோம் பட்டை ஓடும். அது இருப்பதால்தான் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்ட முடிகிறது, புரண்டு படுத்தால் விழாமல் இருக்க முடிகிறது. 'மேக'த்தில் அது கிடையாது. அத்தான் சொல்லிப் பார்த்தார். "சார், மேகத்துக்கு ஏது ஓரம்?" என்றாராம் டைக்காரர். கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்களாம்.

"தர மேலாளர் கையெழுத்து இல்லாம ஒரு மெத்தையும் கேட்டைத் தாண்டாது. அந்தக் கையெழுத்து என்னோடதா இருந்தா, மேகம் பட்டையோட போகும். டைக்காரரோடதா இருந்தா, ஊர்ல பாதிப் பேர் தரையில கிடப்பாங்க," என்றார் அத்தான். அவருக்குச் சம்பளம் முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பட்டை என்று சொல்லும்போதுதான் குரல் நடுங்கியது.

அந்தச் சமயத்தில் கம்பெனிக்கு ஒரு முன்னேற்றப் பயிற்சியாளர் வந்து அரை நாள் பேசினார். உங்களுக்குத் தெரிந்ததை உலகத்துக்குச் சொல்லுங்கள், வலைப்பதிவு எழுதுங்கள், நிபுணர் என்று பெயர் எடுங்கள், பதவி உங்களைத் தேடி வரும் என்றார். ஹெச்.ஆர். மேடம் அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டார். இனிமேல் பதவி உயர்வுக்கு, வெளியுலகில் தெரியும் நிபுணத்துவத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று அறிவித்தார். டைக்காரர் அன்று மாலையே கைகட்டி நின்று படம் எடுத்துப் போட்டு, 'தோல்வி எனக்குக் கற்றுத் தந்த மூன்று விஷயங்கள்' என்று எழுதிவிட்டார். அவர் எதில் தோற்றார் என்று யாருக்கும் தெரியாது.

அத்தான் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றார்.

"ஏய் ஊர்சுத்தி, நீ போன இடத்தைப் பத்தியெல்லாம் இன்டர்நெட்ல எழுதினியே, அது மாதிரி எனக்கும் ஒண்ணு திறந்து குடு."

"எதைப் பத்தி எழுதப் போறீங்க அத்தான்?"

"மெத்தையைப் பத்தி. நீ எத்தனை மெத்தையில படுத்திருப்ப, உன்கிட்டயும் தகவல் வாங்கிக்கலாம்."

"பாதி நாள் மெத்தையே கிடையாது அத்தான்."

"அதையும் எழுதலாம். இல்லாமைங்கிறதும் ஒரு தகவல்தான்."

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "வீட்டுல வாயைத் திறந்தாலே எல்லாரும் எழுந்து போறாங்க. எழுத்துல வேற போடப் போறீங்களா?"

'மெத்தையின் உள்ளே' என்று பெயர் வைத்தோம். முதல் பதிவு இப்படித் தொடங்கியது: 'மெத்தை என்பது படுப்பதற்கு உரிய ஒரு பொருள். படுத்தல் என்பது உடல் தன் எடையை ஒரு பரப்பின் மீது சமமாகவோ சமமின்றியோ ஒப்படைத்தல். ஒப்படைத்தலைப் புரிந்துகொள்ள முதலில் எடையைப் புரிந்துகொள்ள வேண்டும். எடை என்பது...'

"அத்தான், நேரா விஷயத்துக்கு வரலாமே," என்றேன்.

"அடித்தளம் இல்லாம விஷயத்தை எங்க வைப்ப?"

அவர் எதையும் விடுபவர் அல்ல. ஸ்பிரிங் என்றால் கம்பியில் தொடங்குவார், கம்பி என்றால் உருக்கில். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்த வாக்கியத்துக்கு முன்னறிவிப்பு வரும். எங்கும் மேடு இல்லை, பள்ளம் இல்லை. நன்றாக அமுக்கிச் சரிபார்த்த மெத்தை மாதிரி ஒரே சமமாகப் போகும்.

முதல் மாதம் அத்தானும் நானும் ஏதோ தவறிப்போய் வந்த இன்னொருவரும்தான் வாசகர்கள். இரண்டாவது மாதம் எண்ணிக்கை ஏறியது. பிறகு தறிகெட்டு ஏறியது. அத்தான் தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே கணக்குப் பார்ப்பார்.

"எல்லாரும் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் வர்றாங்க," என்றேன் தயங்கி.

"பின்ன? தொழில் தெரிஞ்சவன் பகல்ல வேலைதான பாப்பான்? முடிச்சுட்டுத்தான் படிப்பான்."

"சராசரியா எட்டு மணி நேரம் பக்கம் திறந்தே இருக்குது அத்தான்."

பல்துலக்கி அவர் வாயிலேயே நின்றது. "எட்டு மணி நேரமா?"

"ஆமா. ஆனா அதுக்கு அர்த்தம்..."

"எட்டு மணி நேரம் உக்காந்து ஒருத்தன் என் எழுத்தைப் படிக்கிறான்!" என்று வாய் நிறைய நுரையோடு அக்காவிடம் ஓடினார். "கேட்டியா? நீ எட்டு நிமிஷம் கேப்பியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் இட்லித் தட்டோ எதுவோ கழுவ வேண்டியிருப்பதுபோல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டோம்.

பின்னூட்டங்களும் வர ஆரம்பித்தன. 'ஐயா, இதுவரை மூன்றாவது பத்தியைத் தாண்ட முடியவில்லை. கோடி நன்றி' என்று ஒருவர். அத்தான் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "அவ்வளவு கனமா இருக்கு. ஒவ்வொண்ணா உள்வாங்கிட்டு வர்றாங்க," என்றார். 'என் ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் தினமும் படித்துக் காட்டுகிறேன்' என்று ஒரு தாய். "அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேருது," என்றார். 'பக்கவிளைவு எதுவும் இல்லை' என்று ஒருவர் எழுதியதைத்தான் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கடைசியில், "ரசாயனப் பதிவுல பசையைப் பத்தி எழுதினேன்ல, அதைச் சொல்றாரு," என்று முடிவு கட்டினார்.

நேர்காணலுக்கு முன்பு 'ஓரத்தில் அமர்தல்: சில சிந்தனைகள்' என்ற பதிவை எழுதினார். அதுதான் அவருடைய பெரிய ஆயுதம். பதினோராவது பத்தியில், தான் வேலை பார்க்கும் கம்பெனியின் புது மாடலுக்கு ஓரப் பட்டை இல்லை, ஓரத்தில் படுப்பவர்கள் அதை வாங்கக் கூடாது, வாங்கியவர்கள் சுவர்ப் பக்கம் படுக்க வேண்டும் என்று அப்பட்டமாகப் போட்டிருந்தார்.

"ஏங்க, உங்களுக்குப் பைத்தியமா? நாளைக்கே கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவாங்க," என்றாள் அக்கா.

"நேர்மைதான் நிபுணனோட முத்திரைன்னு அந்தப் பயிற்சியாளரே சொன்னாரு."

"அவர் அரை நாள் பேசிட்டு கவர் வாங்கிட்டுப் போயிட்டாரு. மாசா மாசம் வாடகை கட்டறது நாம."

பதிவு வெளியான மறுநாள் அத்தான் வேலைக்குப் போனபோது அக்கா வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அது வழக்கமில்லை. மாலையில் அவர் முழுசாகத் திரும்பி வந்தார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டைக்காரர்கூட 'அருமையான பதிவு' என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாராம். அத்தானுக்கு நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம்.

நேர்காணலில் நடந்ததை அவராகச் சொல்லவில்லை. அக்கா ஊசி போட்டு எடுத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி, ஹெச்.ஆர். மேடம், ஓய்வு பெறும் மேலாளர். இந்தப் பக்கம் அத்தான், இஸ்திரி போட்ட சட்டை, வாசகர் கணக்கு. மேடம் அந்தக் கணக்கைப் பார்த்து, "எட்டு மணி நேரமா! நம்ம கம்பெனியில யாருக்கும் இப்படி ஈடுபாட்டு அளவு வந்ததே இல்ல சார்," என்றாராம்.

முதலாளி நாற்காலியைவிட்டு எழுந்து வந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த எட்டு மணி நேரத்துல நானும் ஒருத்தன். எத்தனையோ வருஷமா எனக்குத் தூக்கம் கிடையாது. என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு என் வீட்டுக்காரி கேக்கறா. இவரு எழுத்துதான்னு காட்டினேன். அவளும் தூங்கிப் போயிட்டா."

"சார்... ஓரத்தில் அமர்தல் படிச்சீங்களா?" என்று அத்தான் கேட்டிருக்கிறார்.

"எங்க படிக்க விட்டீங்க?" என்றாராம் முதலாளி.

அப்போதுதான் அத்தானுக்கு ராத்திரி பத்து மணியும் மூன்றாவது பத்தியும் பக்கவிளைவும் ஒன்றாகச் சேர்ந்து விளங்கின. தர மேலாளர் பதவி டைக்காரருக்குப் போனது. அத்தானுக்கு அதைவிடக் கூடுதல் சம்பளத்தில் ஒரு புதுப் பதவி: தூக்க அனுபவத் தூதர். அவருடைய பதிவுகளை அவர் குரலிலேயே பதிந்து ஒவ்வொரு மெத்தையோடும் தரப் போகிறார்களாம்.

வீட்டில் அவர் சோபாவில் உட்கார்ந்து கைப்பிடியை அமுக்கிக்கொண்டே இருந்தார். விடவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் தெரியும், இல்ல?"

"எனக்கு முதல் பதிவுலயே தெரியும்," என்றாள் அக்கா.

"நீயும் தூங்கினியா?"

"நான் எங்க படிச்சேன்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ?"

"ஓரத்தில் அமர்தலை முழுசாப் படிச்சேன் அத்தான். பதினோராவது பத்தி நல்லா இருந்தது. முதல் வரியா வந்திருக்க வேண்டியது."

"ஒரே மூச்சுலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு வாரம் ஆச்சு," என்றேன். "ஆனா அந்த ஒரு வாரமும் கடைசி அறையில நல்லாத் தூங்கினேன்."

அவர் ஒருவழியாகக் கைப்பிடியை விட்டார். தூதர் வேலை வேண்டாம் என்றார். மறுநாளும் வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் கடையில் ரொட்டியை அமுக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை எடுத்துவிட்டு, "ஒத்துக்கிறேன். ஒரே நிபந்தனை. நான் எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட வெட்டக் கூடாது," என்றார்.

முதலாளி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். வெட்டுவதற்கு யாராவது முழுக்கப் படித்திருக்க வேண்டுமே. அத்தான் அந்த நிபந்தனையைத் தந்திரமாகப் போட்டாரா, தலைக்கனத்தில் போட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "எழுத்துன்னா எழுத்துதான்," என்பார்.

ஒலிப்பதிவுக்கு நானும் துணைக்குப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் எடையின் இலக்கணம் வந்ததுமே காதுக்கருவியோடு மேசையில் கவிழ்ந்தார். அவருடைய குறட்டை கொஞ்சம் பதிவில் சேர்ந்துவிட்டது. விளம்பரத் துறையினர் அதையும் நீக்கவில்லை. நம்பகமாக இருக்கிறது என்றார்கள். 'மேகம்' மெத்தையின் உறையில் சின்னதாக ஒரு க்யூ.ஆர். கட்டக்குறி அச்சிட்டார்கள். போனை அதில் காட்டினால் அத்தான் பேச ஆரம்பிப்பார், விடியும்வரை நிறுத்த மாட்டார்: 'மெத்தை என்பது படுப்பதற்கு உரிய ஒரு பொருள்...'

மெத்தை பறந்தது. மெத்தைக்காக இல்லை, குரலுக்காக. பஸ்ஸில் அத்தான் டிக்கெட் கேட்டதும் பக்கத்து இருக்கைக்காரர் கொட்டாவி விட்டார் என்று அக்கா சொன்னாள். "நான் ஊசியோட போனாக்கூட இத்தனை பேர் சாஞ்சதில்ல," என்று அதோடு சேர்த்துக்கொண்டாள்.

முதல் புகார் ஒரு லாரி டிரைவரிடமிருந்து வந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு அவர் பேசியது பதிவாகியிருந்தது. அன்று மதியமே தொழிற்சாலை முழுக்கச் சுற்றிவிட்டது.

"மேடம், நான் நல்லாத் தூங்கிட்டுதான் இருந்தேன். புரண்டு படுத்தேன், ஓரம் அப்படியே வாழைப்பழம் மாதிரி மடங்குச்சு, தொபுக்கடீர்னு தரையில கிடந்தேன். எங்க இருக்கோம்னு புரியறதுக்குள்ள மேல கட்டில்ல கிடந்த போன்ல இருந்து ஒரு ஆள் பொறுமையா சொல்றாரு: 'ஓரத்தில் படுப்பவர்கள் இந்த மாடலை வாங்கக் கூடாது.' இதை வாங்குறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டீங்களா?"

அதன்பிறகு இதே மாதிரி நிறைய வந்தன. எல்லாம் ஒரே கதை. விழுந்தவர்கள் மட்டும்தான் விழித்தார்கள். விழித்தவர்கள் மட்டும்தான் பதினோராவது பத்தியைக் கேட்டார்கள். யாருக்கு அந்தச் செய்தி தேவையோ, சரியாக அவர்களுக்கு, சரியான நொடியில் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு குறிபார்த்து எழுதியவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

முதலாளி அந்த வரி எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். டைக்காரர் ஒரு அறையில் உட்கார்ந்து கேட்டார். சாயங்காலம் கதவைத் தட்டியபோது கன்னத்தில் மேசை விளிம்பின் தடத்தோடு எழுந்து வந்தார். ஹெச்.ஆர். மேடம் நின்றுகொண்டே கேட்டுப் பார்த்தார். சுவர் இருந்ததால் தப்பித்தார். கடைசியில் அத்தானையே கூப்பிட்டுக் கேட்டு, அந்த வரியை வெட்டினார்கள்.

"நிபந்தனைன்னு ஒண்ணு இருக்கு சார்," என்றார் அத்தான்.

"அவசரத்துக்குப் பாவமில்ல," என்றார் முதலாளி.

ஆனால் வெட்டிய இடத்தில் 'டக்' என்று மெல்லிய ஒரு சத்தம். அதுவரை ஒரே சமமாகப் போன குரலில் அந்த 'டக்' மலையிலிருந்து கல் உருண்டதுபோல் விழுந்தது. ஊரெல்லாம் திடுக்கிட்டு எழுந்தார்கள். முதலாளி வீட்டிலும். மறுநாள் சிவந்த கண்ணோடு அவரே வந்து, பழையபடி ஒட்டச் சொன்னார்.

ஆகவே கம்பெனி உட்கார்ந்து யோசித்தது. குரலை மாற்ற முடியாது, விற்பது குரல்தான். மிச்சமிருப்பது மெத்தை மட்டும்தான். மெத்தையை மாற்றலாம் என்று யாரோ சொன்னார்கள். இப்படித்தான், இத்தனை நாள் அத்தான் தொண்டை கிழியச் சொன்ன கெட்டிப் பட்டை, ஒலிப்பதிவுக்குத் தோதாக இருக்கட்டும் என்ற காரணத்துக்காக 'மேக'த்தின் ஓரத்துக்குத் திரும்பி வந்தது.

"பட்டையைப் போட்டுட்டீங்கன்னா அந்த வரி பொய்யாயிடுமே சார்," என்றார் அத்தான். "முழுசாத் திரும்பப் பேசணும். பட்டை இருக்குன்னு நான் பேசணும்னா, ஒவ்வொரு மெத்தையிலயும் இருக்கான்னு நான் பாக்கணும். பாக்கிறவன் கையெழுத்துப் போடணும்."

முதலாளிக்குத் தூக்கம் தேவைப்பட்டது; ஒத்துக்கொண்டார். டைக்காரர் தூக்க அனுபவத் தூதரானார். மெத்தையைத் தொடத் தேவையில்லாத வேலை, அவருக்கும் மனநிறைவு. தர மேலாளர் நாற்காலியில் அத்தான் உட்காருவதற்கு முன் அதை அமுக்கிப் பார்த்தாராம்.

புது மேலாளராக அவர் கூட்டிய முதல் கூட்டத்துக்கு முந்தைய மாலை, பேச வேண்டியதை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். நான் அடுத்த பயணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். நின்றபடியே வாசித்தேன். முதல் வரி: 'ஓரத்தில் கெட்டிப் பட்டை இல்லாத எந்த மெத்தையும் இனி கேட்டைத் தாண்டாது.'

"அத்தான், விஷயம் முதல் வரியிலயே வந்துடுச்சே!"

"ஆமா. அது அவங்களுக்கு."

இரண்டாவது வரியிலிருந்து பக்கம் பக்கமாகப் போனது. 'பட்டை என்பது ஓரத்தைத் தாங்கும் ஒரு பொருள். ஓரம் என்பது...'

"இது?"

"அது எனக்கு," என்றார் அத்தான். நான் கட்டி வைத்திருந்த மூட்டையை ஒரு முறை அமுக்கி, விட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.